கும்பினிக் காசும் பழவேற்காட்டு மண்ணும்

அமெரிக்க தேசத்தில் 1861-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டபோது, ஜனங்கள் அரசாங்க நாணயங்களையெல்லாம் வீட்டுக்குள்ளே பதுக்கிவிட, சில்லறையின்றித் தவித்த கடைக்காரர்கள் தத்தம் பெயரையும் ஊரையும் பொறித்துத் தாமே செப்புத் துண்டுகளை அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள் என்பதும், 1864-இல் சட்டம் இயற்றி அவ்வழக்கத்தை நிறுத்த நேர்ந்தது என்பதும், அதே துண்டுகளுள் அபூர்வமானவை இன்று பெரும் விலைக்கு ஏலம் போகின்றன என்பதும் நாணயச் சேகரிப்பில் நாட்டமுள்ளோர் அறிந்த விஷயங்களே. அரசனுடைய அதிகாரத்தைப் பறைசாற்றாமல் வியாபாரியினுடைய முத்திரையைத் தாங்கிய காசு என்னும் விசித்திரம், அதற்கு ஏறக்குறைய 250 ஆண்டுகள் முன்னரே நம்முடைய கடற்கரையில், சென்னைக்கு வடக்கே உப்பேரியும் சமுத்திரமும் கைகோத்துக்கொள்ளும் பழவேற்காட்டில் தோன்றிவிட்டது என்பதை நினைக்கும்போதுதான், அயல்நாட்டுத் துண்டுகளுக்காக அலையும் நம்மவர் உள்ளூர்ச் சரித்திரத்தை எவ்வளவு எளிதில் கைநழுவ விடுகிறார்கள் என்ற வருத்தம் உண்டாகிறது.

உலாந்தாக்காரருடைய, அதாவது டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியாருடைய, நாணயசாலைகளுள் இந்தியாவில் முதன்முதலாக ஏற்பட்டது பழவேற்காட்டு நாணயசாலையே. அது 1615-இல் தொடங்கிற்று. அங்கே அவர்கள் கட்டிய கெல்திரியாக் கோட்டையின் தொடக்க நாட்கள் அவை. அங்கே அடிக்கப்பட்ட செப்புக் காசின் ஒரு புறத்தில் பெரிய ‘வி’ என்னும் எழுத்தும் அதன் இரு கால்களிலும் ‘ஓ’, ‘சி’ என்னும் எழுத்துக்களும் பின்னிய கும்பினி முத்திரை இருக்கும். தொடக்க காலத்துக் காசுகளின் மறுபுறத்திலோ சம்ஸ்கிருத வாசகம் இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் பங்கு போட்டவர்களுக்குச் சொந்தமான ஒரு வியாபாரக் கூட்டத்தின் அடையாளமும், இந்நாட்டுச் சந்தையில் அக்காசை ஐயமின்றிச் செல்லுபடியாக்க வேண்டிய சுதேச வாசகமும், சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு செப்புத் துண்டின் இரு முகங்களாக அமைந்த அந்தச் சமரசத்தைப் போல அக்காலத்து வாணிகத்தின் இயல்பை விளக்கும் சான்று வேறொன்று உண்டா என்பது எனக்குச் சந்தேகமே. 1674-இல் நாகப்பட்டினத்தில் புதிய நாணயசாலை ஏற்படுகிறவரை பழவேற்காட்டின் வேலை நடந்தது. அங்கே பிறந்த காசுகள் கடல் கடந்து இலங்கையிலும் தாராளமாகப் புழங்கின.

இயந்திரத்தில் அச்சடித்த நாணயத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இக்காசுகள் முதலில் ஏமாற்றமே தரும். செப்புத் துண்டை அச்சின்மேல் வைத்துச் சம்மட்டியால் ஒரே அடியாக அடித்து எடுத்தவை ஆகையாலும், துண்டு சிறிதாகவும் அச்சுப் பெரிதாகவும் இருந்தமையாலும், முழு முத்திரையும் விழுந்த காசு அரிது. ஒன்றில் எழுத்தின் கால் மட்டும் தெரியும், மற்றொன்றில் வாசகத்தின் பாதி விளிம்புக்கு வெளியே போயிருக்கும். ஆங்கிலக் கும்பினியார் காலத்துச் சென்னைக் கணக்கில் 80 காசு சேர்ந்து ஒரு பணம், 42 பணம் சேர்ந்து ஒரு வராகன் என்று வழங்கியதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், காசு என்பது கோட்டைத் துரைமார்களின் கைப்பொருள் அன்று, உப்பும் மீனும் ஒரு பிடி அரிசியும் வாங்கிய எளியவர்களின் கைப்பொருள் என்பது விளங்கும். என்னைக் கவர்வதும் அதுவே. தங்க வராகனுக்கு ஆயிரம் காவலர் உண்டு; செப்புக் காசுக்கு யார் இருக்கிறார்கள்?

இன்று கோட்டை இருந்த இடத்தில் முட்புதர் மண்டிக் கிடக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய கோட்டைக்குப்பமும், ஆண்டிக்குப்பமும், நடுவூர் மாதாகுப்பமும் ஏரியின் மீன்பிடி உரிமையைப் பாடு முறையில் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, இன்ன தினம் இன்ன இடத்தில் இன்னார் வலையிடலாம் என்னும் ஒழுங்கைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றன. இந்தக் கணக்கை இத்தனை காலம் பிசகாமல் காத்தவர்களுக்கு, தங்கள் காலடி மண்ணில் கிடக்கும் காசுகளின் கணக்கைக் காப்பது அசாத்தியமான காரியமாக இராது என்பது என் துணிபு.

ஐப்பசி கார்த்திகை மழை கரைத்துவிட்ட மேட்டிலே களிம்பேறிய துண்டொன்று கண்ணில் படுமானால், அதை எடுத்தவர் செய்யும் முதற்காரியம் புளி போட்டு விளக்குவது. பளபளவென்று ஆகிவிட்டால் வாங்குகிறவன் கூடுதலாக ஒரு தொகை தருவான் என்ற நம்பிக்கையே காரணம். ஆனால் உப்புச் சகதியில் நெடுங்காலம் கிடந்த செம்பினுள்ளே குளோரைடு ஊறியிருக்கிறது. மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த அவ்வுப்பு, வெளிக்காற்றின் ஈரமும் பிராணவாயுவும் பட்டவுடன் அமிலத்தைப் பிறப்பித்துச் செம்பை அரிக்கத் தொடங்குகிறது. அரித்ததால் உண்டான பொருள் மேலும் அரிப்பதற்கே உதவுகிறது. மேலே படிந்த கெட்டியான களிம்பு ஓரளவு கவசமாக நின்றது. புளி அக்கவசத்தையும் முத்திரையின் நுண்ணிய கோடுகளையும் ஒருங்கே கரைத்துவிடுகிறது. சில காலத்தில் வெளிர்பச்சைத் தூளாக உதிரும் அந்தக் காசு எந்தச் சேகரிப்பாளருக்கும் பயன்படாது.

இவ்வழிவைவிடப் பெரியதென்று நான் அஞ்சுவது வேறொன்று. அமெரிக்கக் கடைக்காரருடைய செப்புத் துண்டு எத்தனை கை மாறினாலும் தன் ஊரையும் தன் கடையையும் தானே சொல்லிக்கொள்ளும். ஆகையால் அந்நாட்டு அட்டவணைகள் மாகாணவாரியாகவும் ஊர்வாரியாகவும் அவற்றைச் செம்மையாக வகைப்படுத்த முடிகிறது. பாதி முத்திரையும் அரைகுறை வாசகமும் உடைய நம் கும்பினிக் காசுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் வரலாறு அதனிடத்தில் இல்லை, அது கிடந்த இடத்தில் இருக்கிறது. கோட்டை அகழியோரத்தில் கிடைத்ததா, மீனவர் குப்பத்தின் நடுவில் கிடைத்ததா, பள்ளிவாசல் தெருவில் வீட்டுக்குக் கடைகால் தோண்டும்போது கிடைத்ததா என்பது தெரிந்தால், கும்பினியின் சில்லறை எந்த எல்லைவரை, எந்த ஜனங்களின் கைவரை சென்றது என்பதை நாம் அறியலாம். தெரியாமற் போனால், பழவேற்காட்டில் எடுத்த காசுக்கும் கொழும்பில் எடுத்த காசுக்கும் வேற்றுமை இல்லை. வியாபாரியின் தட்டில் குவிந்து கிடக்கும் பழைய செம்பு, அவ்வளவே.

தாங்கள் வாங்காவிட்டால் அவையெல்லாம் பாத்திரக்காரன் உலைக்குப் போயிருக்கும் என்று சேகரிப்பாளர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் உலையிலிருந்து காசை மீட்டவர்கள், அது எங்கே கிடைத்தது என்ற ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிலை ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தால், வாங்கிய விலைக்கு மேல் ஒரு காசும் செலவாகியிராது.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து அகப்பட்ட பொருள் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். உரிமை கோருவோர் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கும் நிலத்துக்கு உடையவருக்கு நாலில் ஒரு பங்கும் சேரும். அரசாங்கமே எடுத்துக்கொள்வதாயின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டித் தர வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமோ நூறாண்டு கடந்த நாணயங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. ஆனால் புதையல் என்ற பேச்சைக் கேட்டதுமே குப்பத்து ஜனங்களின் மனத்தில் போலீசும் கச்சேரியும் விசாரணையுமே தோன்றுகின்றன. தங்களுக்குச் சட்டம் விதித்துள்ள பங்கு தோன்றுவதில்லை. உலோக மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்பதும் செப்புக் காசைப் பொறுத்தவரை கேலிக்குரிய தொகைதான். ஏலக்காரன் தரும் விலைக்கு முன் அது நிற்காது. ஆகவே காசு வாய் திறவாமல் கைமாறுகிறது.

இந்நிலையை மாற்றப் பொன்னேரி தாலுகாவின் இக்கோடியில் ஒரு பள்ளிக்கூடத்து அலமாரியில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காசு கிடைத்த இடம், கிடைத்த நாள், அதன் எடை, இரு புறத்தையும் காகிதத்தின்மேல் பென்சிலால் தேய்த்து எடுத்த படி ஆகிய நான்கையும் ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில் மாணவர்களே எழுதி வைக்கலாம்; காசைப் புளியில் போடாமல், ஈரமற்ற உறையில் இடுவதற்கு அவர்களுக்குக் கற்பிக்கலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயவியலுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. அங்குள்ள அறிஞர்கள் ஆண்டுக்கொருமுறை வந்து அந்தப் புத்தகத்தைப் பார்வையிட்டு, முத்திரைகளை இனங்கண்டு குறிப்பெழுதித் தரலாம். அடுத்த மழை தொடங்குவதற்குள் இந்த ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும்.