லேசர் எந்திரம் 'மக்கர்' செய்கிறதா? மெக்கானிக்கை கூப்பிடும் முன்னாடி இதையெல்லாம் பாருங்க

திருப்பூர்,

ஜீன்ஸ் பேண்டின் இடுப்பில் தைக்கிற தோல் பட்டையில் கம்பெனி பெயர் பொறிப்பது, எம்பிராய்டரிக்கு துணி வெட்டுவது என்று பனியன் நகரமான திருப்பூரில் பல வேலைகள் லேசர் எந்திரத்துக்கு போய் விட்டன. ரப்பர் ஸ்டாம்பு கடை, ஷீல்டு கடை, பெயர்ப்பலகை கடைகளிலும் இதே எந்திரம்தான். நகையை அடகு வைத்தும், வங்கியில் கடன் வாங்கியும் எந்திரம் இறக்கியவர்கள் நிறைய பேர்.

ஆனால் ஆர்டர் நெருக்குகிற நேரம் பார்த்து அது படுத்துக்கொள்ளும். மெக்கானிக் கோவையில் இருந்து வரணும். வந்தவர் பல நேரம் செய்வது என்னவென்றால், பஞ்சை எடுத்து லென்சை துடைத்து விட்டு பில் கொடுப்பதுதான். இதில் பாதியை கடைக்காரரே பார்த்துக்கொள்ளலாம். அதேநேரத்தில், கையே வைக்கக்கூடாத இடமும் இந்த எந்திரத்தில் இருக்கிறது. அதுபற்றிய விவரம் வருமாறு:-

கண்ணுக்கு தெரியாத கதிர்

இந்த கடைகளில் இருப்பவை பெரும்பாலும் 'கார்பன் டை ஆக்சைடு லேசர்' வகை. இதை 1964-ம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் குமார் படேல். மராட்டிய மாநிலம் பாராமதியில் பிறந்த நம்ம நாட்டுக்காரர்தான்.

எந்திரத்தின் பின்பக்கம் நீளமாக ஒரு கண்ணாடி ட்யூப் இருக்கும். அதற்குள் கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன், ஹீலியம் கலந்த வாயு. அதில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பாயும்போது லேசர் கதிர் பிறக்கிறது. 3 கண்ணாடிகளில் பட்டுத்திரும்பி, கடைசியில் லென்ஸ் வழியாக இறங்கி பொருளை சுடுகிறது. இந்த கதிர் கண்ணுக்கு தெரியாது. மேலே தெரிகிற சிவப்பு புள்ளி, இடம் காட்டுவதற்காக வைத்த சின்ன விளக்கு. அவ்வளவுதான்.

தண்ணீர்தான் உயிர்

ட்யூபுக்குள் போகிற மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் மாறுகிறது. அந்த சூட்டை எடுத்துப்போவது ட்யூபை சுற்றி ஓடும் தண்ணீர். அது 15 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 30-ஐ தாண்டினால் கதிரின் பலம் குறையும், ட்யூபின் ஆயுளும் குறையும். காலையில் பளிச்சென்று வெட்டிய எந்திரம் மதியம் 2 மணிக்கு பாதி வெட்டி நிற்கிறதா? முதலில் தண்ணீரைத்தான் தொட்டுப்பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு ஏமாற்றமும் உண்டு. பேன் மட்டும் உள்ள பெட்டியையும் 'சில்லர்' என்றுதான் விற்கிறார்கள். அது அறையின் வெப்பத்துக்கு கீழே தண்ணீரை குளிர வைக்காது. சித்திரை வெயிலில், தகர கூரை போட்ட ஷெட்டில் அது என்ன செய்யும்? வெந்நீரைத்தான் சுற்றி விடும். நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு கம்ப்ரசர் உள்ள சில்லர் வேண்டும். அவசரத்துக்கு பாட்டிலில் உறைய வைத்த தண்ணீரை மூடியோடு தொட்டியில் போடலாம். ஐஸ் கட்டியை அப்படியே கொட்டி திடீரென்று குளிர வைத்தால் சூடான ட்யூப் விரிசல் விடலாம்.

மழைக்காலத்தில் இதற்கு நேர் எதிர் பிரச்சினை. தண்ணீரை அதிகமாக குளிர வைத்தால், கூல்டிரிங்ஸ் பாட்டில் போல ட்யூபுக்கு வெளியே வியர்க்கும். அந்த ஈரத்தின் வழியாக மின்சாரம் வெளியே பாய்ந்தால் ட்யூபோடு பவர் சப்ளையும் சேர்ந்து போகும்.

சரி, எந்த தண்ணீர் ஊற்றுவது? பலர் செய்யும் தப்பு, போர் தண்ணீரை ஊற்றுவதுதான். திருப்பூர் நிலத்தடி நீரின் லட்சணம் ஊருக்கே தெரியும். உப்பு படிந்து ட்யூபை அடைக்கும். உப்புத்தண்ணீர் மின்சாரத்தையும் கடத்தும். வாலை வடித்த தண்ணீர், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் 'டிஸ்டில்டு வாட்டர்' தான் சரி. (பேட்டரி ஆசிட் கேனை மாற்றி வாங்கி வந்து விடாதீர்கள்.) கலங்கினாலோ, பாசி பிடித்தாலோ உடனே மாற்றி விடுங்கள்.

தண்ணீர் மாற்றியதும் ட்யூபை உற்றுப்பாருங்கள். உள்ளே காற்றுக்குமிழ் நின்றால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் படாமல் சூடேறி கண்ணாடி வெடித்து விடும். பம்பை நிறுத்தி நிறுத்தி ஓட விட்டால் பெரும்பாலும் குமிழ் வெளியேறி விடும். தண்ணீர் வெளியே போகும் வாய் மேல் பார்த்து இருக்க வேண்டும்.

லென்ஸ் துடைப்பது எப்படி?

மரம், தோல் எரியும் புகை லென்சில் பிசுக்காக படியும். பிசுக்கு படிந்த லென்ஸ் கதிரை உள்வாங்கி, தானே சூடாகி, ஒருநாள் 'பட்' என்று விரிசல் விடும். தினமும் வேலை நடக்கிற கடையில் தினமும் ஒரு தடவை பார்த்து விடுவது நல்லது.

சட்டை நுனி, பனியன் வேஸ்ட் எல்லாம் வேண்டாம். லென்ஸ் துடைக்கும் பேப்பர் அல்லது சுத்தமான பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்து, அழுத்தாமல் ஒரே இழுப்பாக துடைக்க வேண்டும். விரல் ரேகை படவே கூடாது. இந்த லென்ஸ் சாதாரண கண்ணாடி அல்ல, 'துத்தநாக செலினைடு' என்ற விஷத்தன்மை உள்ள பொருள். உடைந்தால் வெறும் கையால் பொறுக்கவோ, தூளை முகரவோ கூடாது. திரும்ப மாட்டும்போது பெரும்பாலான எந்திரங்களில் குவிந்த பக்கம் மேலே, தட்டையான பக்கம் கீழே. தலைகீழாக மாட்டி விட்டு 'ட்யூப் போச்சு' என்று பதறுகிறவர்கள் உண்டு.

கோளாறை கண்டுபிடிக்க...

ஒரு மூலையில் நன்றாக வெட்டி, எதிர் மூலையில் வெட்டவில்லை என்றால் மிரர் நகர்ந்து விட்டது என்று அர்த்தம். மிரருக்கு முன்னால் மாஸ்கிங் டேப் ஒட்டி, குறைந்த பவரில் ஒரு தட்டு தட்டி, கருகிய புள்ளியை பாருங்கள். தலைப்பகுதி பக்கத்தில் இருக்கும்போதும், தூரத்தில் இருக்கும்போதும் புள்ளி ஒரே இடத்தில் விழணும். முதல் மிரரில் ஆரம்பித்து வரிசையாகத்தான் திருகை திருக வேண்டும். கடைசியில் இருந்து தொடங்கினால் அன்றைய பொழுது போய்விடும். மிரர் சரியாக இருந்தும் அப்படியே வெட்டினால், பெட் மட்டம் சாய்ந்திருக்கலாம்.

எழுத்து நெளிகிறது, வட்டம் சேரவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது தண்டவாளத்தில் தூசி சேர்ந்திருக்கும். துடைத்து விட்டு லேசாக எண்ணெய் தடவினால் போதும். கோடு தடிமனாக விழுந்தால் போகஸ் உயரம் தப்பு.

தலைப்பகுதி ஓடுகிறது, கதிரே வரவில்லையா? முதலில் தண்ணீர் ஓடுகிறதா, மூடி சரியாக மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் லேசர் எரியாதபடி பல எந்திரங்களில் பூட்டு வைத்திருக்கிறார்கள். அதுவும் சரி என்றால், பவர் சப்ளையில் 'டெஸ்ட்' பட்டன் இருக்கும். பெட்டில் ஒரு மரத்துண்டை வைத்து, மூடியை மூடியபடி அதை அழுத்தும்போது கதிர் வந்தால் ட்யூபும் பவர் சப்ளையும் நன்றாக இருக்கின்றன. கோளாறு கன்ட்ரோலரிலோ வயரிலோ இருக்கிறது. வராவிட்டால் இரண்டில் ஒன்று போய்விட்டது. அத்தோடு நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கை கூப்பிட வேண்டியதுதான்.

உயிருக்கு ஆபத்து

ஏன் நிறுத்த வேண்டும்? 40 வாட்ஸ் எந்திரத்திலேயே ட்யூபுக்கு போவது 15 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல். பிளக்கை பிடுங்கிய பிறகும் பவர் சப்ளைக்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். அதை திறந்து பார்க்கிற வேலையே வேண்டாம். 'சர்ர்' என்று சத்தமோ, நீல நிற பொறியோ வந்தால் அந்த நிமிடமே மெயினை நிறுத்தி விட வேண்டும். இரண்டு முள் பிளக்கில் எர்த் இல்லாமல் எந்திரத்தை ஓட்டுவது எமனுக்கு அழைப்பு வைப்பது போலத்தான்.

எந்திரத்தை ஓட விட்டு டீ குடிக்க போகிற பழக்கமும் கூடாது. அக்ரிலிக் தீப்பிடித்தால் சில நிமிடங்களில் எந்திரமே எரிந்து போகும். காற்று ஊதும் பம்பு நின்று போனால் தீப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம். பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு சிலிண்டர் ஒன்று இருக்கட்டும்.

ரெக்சின் போடாதீங்க

தோல் விலைக்கு கட்டுபடியாகாத பார்ட்டிகள் ரெக்சினை கொண்டு வந்து "இதிலேயே அடிச்சு கொடுங்கண்ணா" என்பார்கள். ரெக்சினில் பெரும்பகுதி பி.வி.சி. பூசியது. பிளக்ஸ் பேனரும் பி.வி.சி.தான். லேசர் பட்டால் அதில் இருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரத்தோடு சேர்ந்தால் அது ஆசிட். நுரையீரலை அரிக்கும், தண்டவாளத்தையும் மிரரையும் துருப்பிடிக்க வைக்கும். வாங்கி சில மாதமே ஆன எந்திரத்தில் துரு ஏறி இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சந்தேகம் இருந்தால் ஒரு செம்பு கம்பியை சூடாக்கி அந்த துணுக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். தீ பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது. ஆர்டரை திருப்பி அனுப்பி விடலாம்.

ட்யூப் மாற்றும் நேரம்

எல்லாம் சுத்தமாக இருந்தும், தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலம் குறைந்தால் ட்யூப் வயசாகி விட்டது. மலிவான ட்யூப்கள் 1,000 முதல் 3,000 மணி நேரம் உழைக்கும். ட்யூபில் எழுதி இருக்கும் மில்லி ஆம்பியர் அளவை தாண்டி ஓட்டினால் அதுவும் கிடையாது. விலை இறங்கி இருக்கிறது என்று இரண்டு மூன்று ட்யூப் வாங்கி பரணில் போட்டு வைப்பதும் வீண். சும்மா கிடந்தாலும் உள்ளே உள்ள வாயு கெட்டுக்கொண்டே வரும். வாங்கும்போது தயாரித்த தேதியை கேட்டு வாங்குங்கள்.