நடவாததைக் கூறும் ‘இஃப்’ வாக்கியம்

‘மழை பெய்தால் பால்மரம் வெட்ட இயலாது’, ‘பணம் இருந்தால் வாங்கலாம்’ என்று நாம் பேசுகிறோம். இவற்றில் வரும் ‘ஆல்’ என்னும் ஈற்றின் வேலையை ஆங்கிலத்தில் ‘இஃப்’ என்னும் சிறு சொல் செய்கிறது. ஆனால், சென்ற காலத்தில் நடவாத ஒன்றை, நடந்ததாகக் கற்பனை செய்து கூறும்போது ஆங்கிலேயர் வாக்கியத்தின் உருவையே மாற்றிவிடுகின்றனர். இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற பின்னரே மாணவர் இதனை விரிவாகக் கற்பர். எனினும், வீட்டிற்கு வரும் கடிதம் அதுவரை காத்திருப்பதில்லை.

‘இஃப் யூ அப்ளை பிஃபோர் மார்ச், யூ வில் ரிசீவ் த மணி’ என்று ஒரு கடிதத்தில் இருப்பதாகக் கொள்வோம். மார்ச்சு மாதத்திற்கு முன் மனுச் செய்தால் பணம் கிடைக்கும் என்பது பொருள். கதவு திறந்தே இருக்கிறது. ‘இஃப் யூ ஹேட் அப்ளைட் பிஃபோர் மார்ச், யூ வுட் ஹேவ் ரிசீவ்ட் த மணி’ என்றிருந்தாலோ, நீர் மனுச் செய்யவில்லை, ஆகவே பணமும் இல்லை என்பதே பொருள். தாய்க்குக் கடிதம் படித்துக் காட்டும் சிறுவன் இரண்டையும் ஒன்றாகக் கருதிப் ‘பணம் வரும், அம்மா’ என்று கூறிவிட்டால், அக்குடும்பம் வாராத பணத்திற்காகக் காத்திருக்கும். ‘இல்லை’ என்னும் சொல் கடிதத்தில் எங்கும் இராது. ‘ஹேட்’, ‘வுட் ஹேவ்’ என்பனவே அதனைச் சொல்லிவிடுகின்றன.

இனி அமைப்பைக் காண்போம். ‘இஃப்’ உள்ள பகுதியில் ‘ஹேட்’ வரும். மறுபகுதியில் ‘வுட் ஹேவ்’ வரும். இரண்டின் பின்னும் வினைச்சொல்லின் மூன்றாம் வடிவமே நிற்கும். நமது ஊரையே சான்றாகக் கொள்ளலாம். 1974 பிப்ரவரி 1-ஆம் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. சிலாங்கூருக்குப் புதிய தலைநகர் வேண்டியதாயிற்று. தோட்ட நிலங்களில் எழுந்த ஷா ஆலம், 1978 டிசம்பர் 7-இல் தலைநகராக அறிவிக்கப்பட்டது. கோலாலம்பூர் அவ்வாறு ஆகாமல் இருந்திருந்தால்? ‘இஃப் கோலாலம்பூர் ஹேட் நாட் பிகம் எ ஃபெடரல் டெரிட்டரி, ஷா ஆலம் வுட் நாட் ஹேவ் பிகம் த கேப்பிட்டல்.’ இங்கு இரண்டு ‘நாட்’ வந்தும், இரு செயல்களும் உண்மையில் நடந்தவையே! ‘நாட்’ இல்லாத வாக்கியம் நடவாததைக் காட்டும். ‘நாட்’ உள்ளது நடந்ததைக் காட்டும். இதனை மாணவர் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

‘ஹேட் பிகேம்’ என்று எழுதுவோர் பலர். ‘பிகேம்’ இரண்டாம் வடிவம். மூன்றாவது மீண்டும் ‘பிகம்’ தான். ‘இஃப்’ பகுதியிலும் ‘வுட் ஹேவ்’ போடுவோரும் உளர். தமிழில் ‘வந்திருந்தால் பார்த்திருப்பேன்’ என இருபுறமும் ‘இரு’ வருவதால் இப்பழக்கம் ஏற்படுகிறது என்பது நமது கருத்து.

தமிழ் வழியே மற்றொரு குழப்பமும் உண்டு. ‘அப்பா வந்திருந்தால் கூப்பிடு’ என்றால் அவர் வந்திருக்கவும் கூடும். ‘அப்பா வந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன்’ என்றால் அவர் வரவில்லை. ‘வந்திருந்தால்’ என்னும் ஒரே சொல் இரண்டிற்கும் உதவுகிறது. பின்வரும் வினையே பொருளைத் தெளிவாக்குகிறது. ஆங்கிலத்திலோ முன்னதற்கு ‘ஹேஸ் கம்’, பின்னதற்கு ‘ஹேட் கம்’ என முதற்பகுதியிலேயே வேறுபாடு தோன்றிவிடும். மலாய் மொழியில் ‘கலாவ்’ என்று தொடங்கினால் வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறுவதில்லை. ஆகவே, இரு மொழிகளும் அறிந்த நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறுவதில் வியப்பில்லை.

அலுவலகக் கடிதங்களில் சில வேளைகளில் ‘இஃப்’ மறைந்து, ‘ஹேட் யூ அப்ளைட்’ என்றே வாக்கியம் தொடங்கும். அதனை வினா என்று எண்ணி விடை எழுத முற்படுவோர் உண்டு. இறுதியில் கேள்விக்குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இன்றி, இடையில் ‘வுட் ஹேவ்’ இருந்தால், மேலே கண்ட அதே வாக்கியந்தான். பணம் இல்லை என்றே கடிதம் சொல்கிறது.