கிருமிக்குக் கைகொடுக்கும் எதிர்ப்பு

காசநோய்க்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டறிந்துவிட்டதாக ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று. அதைக் கொல்லும் மருந்துகளும் 1940களிலிருந்து கிடைத்து வருகின்றன. ஆயினும் 2023இல் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளானார்கள் என்றும், 12.5 லட்சம் பேர் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. புதிய நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருப்பவர். இவ்வளவு பழகிய ஒரு கிருமி ஏன் இன்னும் அடங்க மறுக்கிறது என்ற கேள்விக்கு விடையைக் கிருமியிடம் மட்டும் தேடாமல், அதை எதிர்கொள்ளும் நம் உடலின் நடத்தையிலும் சேர்த்துத் தேடியவர் நுண்ணுயிரியலாளர் லலிதா ராமகிருஷ்ணன். பரோடாவில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் நோய் எதிர்ப்பியலில் முனைவர் பட்டம் பெற்று, இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் இவர், சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை.

காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் நுழைந்ததும் அதை முதலில் விழுங்குபவை, மேக்ரோபேஜ் எனப்படும் பெருவிழுங்கி செல்கள். மற்ற பல கிருமிகளை விழுங்கிச் செரித்துவிடும் இச்செல்களுக்குள், காசநோய்க் கிருமி சாகாமல் தங்கிப் பெருகவும் வல்லது. கிருமியைச் சுமந்த செல்களைச் சுற்றி மேலும் பல செல்கள் நெருக்கமாகக் குவிந்து உருவாகும் சிறு முடிச்சுக்குக் கிரானுலோமா என்று பெயர். கிருமி வெளியே பரவாதபடி உடல் எழுப்பும் கோட்டைச் சுவர் இது என்றே பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் படித்து வந்தார்கள். இறந்தவர்களின் நுரையீரலை வெட்டிப் பார்த்தபோது கண்ணில் பட்டது முற்றிய நிலையில் இருந்த முடிச்சுதான் என்பதால், அது எப்படித் தொடங்குகிறது என்பதை உயிருள்ள உடலில் யாரும் பார்த்திருக்கவில்லை.

அதைப் பார்க்க வழி செய்தது ஒரு மீன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ஃபால்கோவின் ஆய்வகத்தில் பணியாற்றியபோது, காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற பாக்டீரியாவை லலிதா தேர்ந்தெடுத்தார். மீன்களுக்குக் காசநோய் போன்ற நோயைத் தரும் இந்தப் பாக்டீரியா, மனித உடலின் உள்வெப்பத்தில் நன்றாக வளர்வதில்லை. மீன் தொட்டிகளைக் கழுவுபவர்களின் கைகளில் சில நேரம் புண்களை உண்டாக்குவதோடு அநேகமாக நின்றுவிடுகிறது. ஒரு முறை இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் காசநோய்க் கிருமியைவிட வேகமாக வளர்வதும் ஆய்வுக்கு வசதியாக அமைந்தது. இதைச் செலுத்த அவர் பயன்படுத்திய உயிர், தெற்காசிய ஆறுகளையும் வயல் வாய்க்கால்களையும் தாயகமாகக் கொண்ட, விரல் நீளம்கூட இல்லாத வரிக்குதிரை மீன். இதன் இளங்கரு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவக் கூடியது. ஆகவே ஒளிரும் புரதம் ஏற்றப்பட்ட பாக்டீரியாவை அதற்குள் செலுத்தினால், பெருவிழுங்கி அதை நெருங்குவதையும் விழுங்குவதையும் பின் நகர்ந்து செல்வதையும் மீன் உயிரோடு இருக்கும்போதே நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்க்க முடியும்.

2002இல் வெளியான முதல் முடிவே பழைய பாடத்தை அசைத்தது. கிரானுலோமா உருவாக, குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு தாக்கும் டி செல்கள் தேவை என்று கருதப்பட்டிருக்க, அத்தகைய செல்கள் இன்னும் தோன்றியிராத மீன் கருவிலேயே, பெருவிழுங்கிகள் மட்டும் சேர்ந்து சில நாட்களில் முடிச்சைக் கட்டிவிட்டன. 2009இல் வந்த ஆய்வு இன்னும் ஆழமாகச் சென்றது. முடிச்சுக்குள் கிருமியைச் சுமந்த ஒரு செல் இறக்கும்போது, அதன் உடலை அப்புறப்படுத்தப் புதிய பெருவிழுங்கிகள் விரைந்து வருகின்றன. இறந்த செல்லோடு கிருமிகளையும் சேர்த்து விழுங்கி, அவையும் கிருமிக்கு இருப்பிடமாகின்றன. அவற்றில் சில முடிச்சைவிட்டு வெளியேறி வேறிடத்தில் புதிய முடிச்சுகளைத் தொடங்குகின்றன. கிருமியை அடைத்து வைப்பதாக நம்பப்பட்ட கோட்டை, தொற்றின் தொடக்கக் கட்டத்திலாவது, கிருமி பெருகவும் பரவவும் துணை நின்றது.

இதற்காகக் கிருமி வெளியிடும் புரதங்களைச் சுரக்கும் அமைப்பு, அதன் மரபணுத் தொகுப்பில் ஆர்.டி.1 எனப்படும் பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியை நீக்கிவிட்டால் புதிய செல்கள் முன்போல் விரைந்து வருவதில்லை, முடிச்சும் சரியாக உருவாவதில்லை. நம் இடது தோளில் வடுவை விட்டுச் சென்ற பி.சி.ஜி. தடுப்பூசியின் பாக்டீரியா, கால்மெட், கெரான் என்ற பிரெஞ்சு அறிவியலாளர்கள் 1908 முதல் 13 ஆண்டுகள் மீண்டும் மீண்டும் வளர்த்ததில் வீரியம் இழந்தது. அப்போது அது பறிகொடுத்தது இதே ஆர்.டி.1 பகுதியைத்தான்.

அடுத்த கண்டுபிடிப்பு, எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் எதையும் வாங்குமுன் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. டி.என்.எஃப். என்பது அழற்சியைத் தூண்டும் ஒரு புரதம். அது குறைந்தால் காசநோய் தலைதூக்கும் என்பது, முடக்குவாதத்துக்காக அதைத் தடுக்கும் மருந்து பெற்றவர்களிடம் ஏற்கெனவே தெளிவாகியிருந்தது. டி.என்.எஃப். குறையும்போது பெருவிழுங்கியால் கிருமியைக் கட்டுப்படுத்த முடியாமல் போகிறது. ஆனால் அது மிகுந்தாலும் கேடுதான் என்று லலிதாவின் குழு காட்டியது. மிகுதியான டி.என்.எஃப்., செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்குகிறது. அவை முதலில் கிருமியைக் கொல்கின்றன, ஆனால் தொடர்ந்து அந்தச் செல்லையே சிதைத்துவிட, எஞ்சிய கிருமிகள் வெளியே கொட்டி, தடுப்பார் இல்லாத இடத்தில் தடையின்றிப் பெருகுகின்றன. குறைவும் மிகுதியும் வெவ்வேறு வழியில் சென்று ஒரே அழிவில் முடிகின்றன.

இந்த அளவைத் தீர்மானிப்பதில் எல்.டி.ஏ.4.ஹெச். என்ற நொதிக்குப் பங்கு உண்டு என்பது மீனில் 2010இல் தெரியவந்தது. மனிதரிலும் இந்த நொதிக்கான மரபணுவில் சிறு வேறுபாடு இருப்பதால், சிலரிடம் அழற்சி குறைவாகவும் சிலரிடம் மிகுதியாகவும் தோன்றுகிறது. காசநோய் மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கும்போது, கிருமிக்கொல்லி மருந்துகளோடு அழற்சியைத் தணிக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் தரப்படுகிறது. வியட்நாமில் நடந்து 2004இல் வெளியான சோதனை, அது இறப்பைக் குறைப்பதாகக் காட்டியிருந்தது. அங்கே சிகிச்சை பெற்ற நோயாளிகளின் மரபணுவை லலிதாவின் குழுவினர் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து பரிசோதித்தபோது, ஸ்டீராய்டால் தெளிவாகப் பயனடைந்தவர்கள் அழற்சி மிகும் மரபணு வகையினரே என்று 2012இல் தெரிந்தது. பின்னர் நடந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இதே தொடர்பு புலப்படவில்லை என்றாலும், ஒரே நோய்க்கு ஒருவருக்கு அழற்சியைத் தணிக்கவும் இன்னொருவருக்கு அப்படியே விடவும் வேண்டியிருக்கலாம் என்ற எண்ணம் சிகிச்சை ஆய்வில் இடம்பிடித்தது. மீன் கருவில் தொடங்கிய ஒரு தேடல் வியட்நாம் மருத்துவமனைப் படுக்கைவரை சென்றது, நுண்ணுயிரியலின் அண்மைக் கால வரலாற்றில் போற்றத்தக்க நிகழ்வு.

2018, 2019 ஆண்டுகளில் மார்செல் பெர், பால் எடெல்ஸ்டைன் ஆகியோருடன் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் எழுதிய கட்டுரைகள் இன்னொரு நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கின. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரின் உடலில் காசநோய்க் கிருமி வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடக்கிறது என்ற கணக்கு, தோலில் செய்யும் மாண்டூ சோதனை போன்றவற்றை அடிப்படையாகக் கொண்டது. அந்தச் சோதனை காட்டுவது உடல் ஒரு காலத்தில் கிருமியைச் சந்தித்த நினைவையே. உயிருள்ள கிருமி இன்றும் உள்ளே இருப்பதை அது காட்டாது. சோதனையில் தொற்று தெரிந்தவர்களுக்குப் பின்னாளில் எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குன்றியபோதும், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காசநோய் வரவில்லை என்பதை எடுத்துக்காட்டி, பலரது உடல் கிருமியை முழுவதுமாகவே ஒழித்திருக்க வேண்டும் என்று அவர்கள் வாதிட்டார்கள். நோய் வருபவர்களில் பெரும்பாலோருக்கு அது தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆகவே ஒரு வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் உறுதியானால், உடன் வசிப்பவர்களுக்குத் தாமதமின்றிப் பரிசோதனையும் தடுப்பு மருந்தும் போய்ச் சேர வேண்டிய காலம் அதுவே.