ஐந்து லீற்றருக்கு ஒரு சோதனை

திருகோணமலை சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. ஆனாலும் 2022 எரிபொருள் நெருக்கடியில் அந்த ஊர் முச்சக்கரவண்டிக்காரருக்குப் பெற்றோல் கிடைத்தது கியூ.ஆர் குறியீட்டைக் காட்டித்தான். தொடக்கத்தில் வாரத்துக்கு 5 லீற்றர். இத்தகைய அளவைக் கணக்கிடும் மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்ட் கேஸ் எழுதுவது கடினமல்ல: 3 லீற்றர் அடித்தவருக்கு மீதி 2 என்று காட்டுகிறதா, 6 கேட்டால் மறுக்கிறதா? சிக்கல் பிறகுதான் வரும். 2023இல் அளவைக் கூட்டினார்கள். விதி மாறியும் சோதனை மாறாவிட்டால், சரியாக இயங்கும் மென்பொருளையே அது பிழை என்று சொல்லும். அதனால்தான் ஜிரா போன்ற பணிப்பதிவுக் கருவியில், விதியின் பதிவோடு அதன் டெஸ்ட் கேஸையும் இணைத்து வைக்க வேண்டும் என்கிறேன்.

எக்ஸெல் தாள் போதாதா என்பார்கள். இருவர் செய்யும் சிறு வேலைக்குப் போதும். ஆனால் விதி மாறும்போது எந்தெந்த வரிகளைத் திருத்த வேண்டும் என்று அந்தத் தாள் தானாகச் சொல்லாது, இணைப்பு சொல்லும். ஜிராவில் இதற்கென எக்ஸ்ரே, செஃபிர் போன்ற துணைச்செயலிகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமே என்பது நியாயமான கவலை. வாங்காமலும் முடியும்: ‘சோதனை’ என்று தனிப் பதிவுவகை ஒன்றை உருவாக்கி, ஒவ்வொன்றையும் அதற்குரிய விதியோடு இணைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, விதியைத் திருத்துபவர் அந்த இணைப்பைத் திறந்து பார்ப்பது.