கறைபடிந்த வரலாறும் தனிமனித நம்பிக்கையும்: மோர்மன் திருச்சபையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் திருச்சபையின் வரலாற்றில், அதன் உறுப்பினர்களையே கலங்கச் செய்யும் நிகழ்வுகள் பல உள்ளன. அவற்றை முழுமையாக அறிந்த பின்னரும் கிறிஸ்துவின்மீது கொண்ட நம்பிக்கையைக் கைவிடாதோர் எவ்வாறு அதனைக் காத்துக்கொள்கின்றனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வரலாறு எழுப்பும் இடர்ப்பாடுகளைச் செயல் சார்ந்தவை, சான்று சார்ந்தவை, மறைப்பு சார்ந்தவை என மூவகையாகப் பகுத்து, ஒருவகைக்குரிய விடை மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதை இது நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: மோர்மன் திருச்சபை, ஜோசப் ஸ்மித், ஜேன் மேனிங் ஜேம்ஸ், ஜுவனிட்டா புரூக்ஸ், சமய வரலாறு, நம்பிக்கை.

முன்னுரை

சமய நிறுவனம் ஒன்றின் கடந்தகாலம் மாசுடையது எனத் தெரியவரும்போது, அந்நிறுவனத்தின் வழியாக இறைவனை அறிந்தவரின் நிலை யாது? நிறுவனத்தை விட்டால் இறைவனையும் விடவேண்டுமா? இறைவனைப் பற்றி நிற்க விரும்பினால் நிறுவனத்தின் குற்றங்களுக்கும் இசைய வேண்டுமா? இவ்வினாக்கள் பழமையானவை. எனினும் மோர்மன் திருச்சபையில் இவை தனிக் கூர்மை பெறுகின்றன. அச்சபையின் தோற்றம் தொன்மக் காலத்தில் நிகழவில்லை. செய்தித்தாள், நீதிமன்றப் பதிவு, நாட்குறிப்பு, கடிதம் ஆகியன பெருகியிருந்த காலத்தில் அது நிகழ்ந்தது. ஆகவே அதன் தொடக்கத்தை ஆவணங்களைக்கொண்டு ஆராய இயலும்.

வரலாற்றின்மீது நிற்கும் சமயம்

ஜோசப் ஸ்மித் 1805-இல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். தங்கத் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாக அவர் அறிவித்த மோர்மன் நூல் 1830-இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் திருச்சபை நிறுவப்பெற்றது. 1844 ஜூன் 27-இல் இல்லினாய் மாநிலத்துக் கார்த்தேஜ் சிறையில் வன்முறைக் கும்பலால் ஸ்மித் கொல்லப்பட்டார். அதன்பின் பிரிகாம் யங் தலைமையில் பெரும்பகுதியினர் யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினர். அவர்களின் வழிவந்ததே இன்று பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை எனும் பெயரில் வழங்கும் பெருஞ்சபை.

இச்சபையினர் தம்மைக் கிறிஸ்தவர் என்றே கொள்வர். நைசீய விசுவாச அறிக்கையை ஏற்காமையால் பிற சபைகள் பல இதற்கு உடன்படுவதில்லை. மோர்மன் திருமுழுக்குச் செல்லாது எனக் கத்தோலிக்கத் திருச்சபை 2001-இல் அறிவித்தது. எனினும் தனி உறுப்பினர் ஒருவரின் வழிபாடு, மன்றாட்டு, மனமாற்றம் ஆகியவற்றின் நடுவில் இருப்பவர் இயேசுவே. வரலாற்று நெருக்கடி தாக்குமிடமும் அதுவே. கிறிஸ்துவை ஒருவருக்கு அறிமுகப்படுத்திய குரல் ஐயத்திற்குரியதாகும்போது, அறிமுகமானவரும் ஐயத்திற்குரியவராகத் தோன்றுகிறார்.

நெருக்கடியைச் சபையின் போதனைமுறையும் கூட்டுகிறது. ஒன்று இது முற்றிலும் மெய், அன்றேல் முற்றிலும் பொய் என்னும் கருத்தைச் சபைத் தலைவர் கார்டன் ஹிங்க்லி 2003-ஆம் ஆண்டு மாநாட்டில் வலியுறுத்தினார். இடைநிலைக்கு இடமளிக்காத இவ்வெதிர்வு, உறுதியான காலத்தில் நம்பிக்கைக்கு வலுவூட்டும். ஒரு கல் பெயரும் காலத்திலோ சுவர் முழுவதையும் அது சாய்த்துவிடும்.

செயல் சார்ந்த இடர்ப்பாடுகள்

முதல்வகை, நம்பிக்கையாளர்கள் செய்த தீங்குகள். 1857 செப்டம்பர் 11-இல் தெற்கு யூட்டாவின் மவுண்டன் மெடோஸ் பகுதியில், ஆர்கன்சாவிலிருந்து கலிபோர்னியா நோக்கிச் சென்ற குடியேறிகளுள் ஏறத்தாழ 120 பேரை மோர்மன் குடிப்படையினர் பைய்யூட் இனத்தார் சிலரின் துணையுடன் கொன்றனர். வெள்ளைக்கொடி காட்டிப் பாதுகாப்பு உறுதியளித்து, படைக்கலங்களை ஒப்படைக்கச் செய்தபின் இக்கொலை நிகழ்ந்தது. பதினேழு சிறு குழந்தைகள் மட்டுமே உயிருடன் விடப்பட்டனர். இருபதாண்டுகள் கழித்து, 1877-இல், ஜான் டி. லீ என்ற ஒருவருக்கு மட்டும் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது.

பலதார மணம் மற்றொன்று. இதற்குரிய வெளிப்பாடு 1843-இல் எழுத்தில் பதிவாகியது. 1852-இல் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. 1890-இல் வில்ஃபர்ட் உட்ரஃப் வெளியிட்ட அறிக்கையால் கைவிடப்படத் தொடங்கியது. ஸ்மித் மணந்த பெண்கள் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டோர் எனவும், அவர்களுள் பதினைந்து வயது நிரம்பாத ஒருவரும் ஏற்கெனவே மணமான சிலரும் இருந்தனர் எனவும் சபையே 2014-இல் ஒப்புக்கொண்டது.

மூன்றாவது, கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவமும் கறுப்பின ஆண், பெண் இருபாலார்க்கும் ஆலயச் சடங்குகளும் மறுக்கப்பட்டமை. 1852-இல் பிரிகாம் யங் வெளிப்படையாக அறிவித்த இத்தடை 1978 வரை நீடித்தது. ஸ்மித்தின் காலத்திலேயே, 1836-இல், எலைஜா ஏபெல் என்னும் கறுப்பினத்தவர் ஆசாரியத்துவம் பெற்றிருந்தார் என்பது குறிக்கத்தக்கது.

இத்தடையின் பொருளை உணர ஜேன் மேனிங் ஜேம்ஸின் வாழ்க்கை போதும். கனெக்டிகட்டில் பிறந்த இக்கறுப்பினப் பெண் திருமுழுக்குப் பெற்றபின், 1843-இல் தம் குடும்பத்தாருடன் நாவூ நகருக்குப் புறப்பட்டார். பஃபலோவில் கப்பலில் ஏற்ற மறுக்கப்பட்டமையால் ஏறத்தாழ 800 மைல் நடந்தே சென்றார். ஸ்மித்தின் இல்லத்தில் பணிபுரிந்தார். 1847-இல் யூட்டா சேர்ந்தார். முதுமையில் ஆலயச் சடங்கைப் பெறப் பலமுறை விண்ணப்பித்தும் அது மறுக்கப்பட்டது. 1894-இல் நடந்த ஒரு சடங்கில், மறுமையிலும் ஸ்மித்தின் பணியாளாக அவர் இணைக்கப்பட்டார். அச்சடங்குக்கும் அவர் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. அவருக்காக மற்றொருவர் நின்றார். அவர் வேண்டியது மகளின் இடம், கிடைத்ததோ பணியாளின் இடம். 1908-இல் அவர் மறைந்தார். அவர் சொல்லி எழுதுவித்த தன்வரலாற்றில், திருமுழுக்குப் பெற்ற நாளினும் தம் நம்பிக்கை குறையவில்லை என்றே தெரிவிக்கிறார்.

இதனை அடிமை மனப்பான்மை எனத் தள்ளிவிடல் எளிது. ஆனால் அவர் அமைந்து போகவில்லை. மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். தலைவர்களின் மறுப்பை இறைவனின் மறுப்பாக அவர் இறுதிவரை ஏற்கவில்லை என அவ்விண்ணப்பங்களிலிருந்து உய்த்துணரலாம். நிறுவனத்திற்கும் இறைவனுக்கும் இடையே கோடிடுவதற்குக் கோட்பாட்டு நூல் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

இக்கோட்டிற்குக் கிறிஸ்தவ மரபில் நீண்ட பின்னணி உண்டு. நான்காம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்காவில் தொனாட்டியர், துன்புறுத்தலின்போது திருநூல்களை ஒப்படைத்த ஆயர்கள் வழங்கும் அருள்சாதனங்கள் செல்லா என்றனர். அருள்சாதனத்தின் ஆற்றல் கிறிஸ்துவினுடையது. வழங்குவோரின் தகுதியைச் சார்ந்ததன்று என்பது ஹிப்போ ஆயர் அகுஸ்தீன் அளித்த விடை. மோர்மன் நூலின் முகப்புப் பக்கமும், நூலில் பிழையிருப்பின் அது மனிதரின் பிழையே என்னும் கருத்தைக் கொண்டுள்ளது. தலைவர்களின் தீச்செயல்களைப் பொறுத்தவரை இவ்விடை வலிமையுடையது.

சான்று சார்ந்த இடர்ப்பாடுகள்

இரண்டாம் வகையை அகுஸ்தீனின் விடை தொடுவதில்லை. இங்குக் கேள்வி, ஒருவர் நல்லவரா என்பதன்று. அவர் கூறியது நிகழ்ந்ததா என்பதே.

இதற்குத் தெளிந்த சான்று ஆபிரகாம் நூல். 1835-இல் கர்ட்லாந்தில் வாங்கப்பெற்ற எகிப்தியப் பப்பிரசுச் சுருள்களிலிருந்து தாம் மொழிபெயர்த்ததாக ஸ்மித் கூறிய இந்நூல் 1842-இல் அச்சேறியது. சுருள்கள் அழிந்தன எனக் கருதப்பட்ட நிலையில், 1967-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் சில துண்டுகளைச் சபையிடம் ஒப்படைத்தது. அவை இறந்தோருக்குரிய எகிப்தியச் சடங்கு நூல்களின் பகுதிகள் என அறிஞர் கண்டனர். அவற்றின் காலமும் ஆபிரகாமுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. துண்டுகளில் உள்ள எழுத்துகள் நூலின் மொழிபெயர்ப்போடு ஒத்துவரவில்லை என்பதைச் சபையும் 2014-இல் ஏற்றுக்கொண்டது.

ஸ்மித்தின் முதற்காட்சி குறித்து 1832, 1835, 1838, 1842 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவருடைய பதிவுகள் நான்கு உள்ளன. காட்சியில் தோன்றியவர் யார், அவர் எதன்பொருட்டு மன்றாடினார் என்பவற்றில் அவை வேறுபடுகின்றன. நினைவு காலப்போக்கில் விரிவடைவது இயல்பு என்பர் ஒருசாரார். கதை வளர்ந்ததற்கு இதுவே சான்று என்பர் மற்றொருசாரார்.

இவ்வகை இடர்ப்பாட்டுக்கு நம்பிக்கையாளர் அளிக்கும் விடைகள் மூன்று. மொழிபெயர்ப்பு என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தலாகக் கொள்ளாமல், சுருள் தூண்டிய வெளிப்பாடாகக் கொள்வது ஒன்று. சபையின் விளக்கங்களுள் இதுவும் இடம்பெறுகிறது. வரலாற்று உண்மையை வலியுறுத்தாமல், நூலைத் திருநூலாகவே போற்றுவது இரண்டாவது. ஸ்மித்தின் மகன் தலைமையில் 1860-இல் மறுசீரமைக்கப்பட்டு, 2001 முதல் கிறிஸ்துவின் சமூகம் என வழங்கும் கிளைச்சபையில் இப்போக்குக்கு இடமுண்டு. ஸ்மித்தின் கூற்றுகளைக் கைவிட்டு, நற்செய்தி நூல்களின் இயேசுவை மட்டும் பற்றிநிற்பது மூன்றாவது. இவ்வழியில் செல்வோர் வேறு சபைகளில் இணைவர். சிலர் எச்சபையிலும் இணையாதிருப்பர்.

மூன்றாம் வழி எளிதானதன்று. ஸ்மித்தை ஆராய்ந்த அதே அளவுகோலால் பழைய திருநூல்களையும் ஆராய வேண்டும் என்ற கேள்வி உடனே எழும். ஒன்றில் சான்று கேட்டுவிட்டு மற்றொன்றில் கேளாதிருப்பது நேர்மையாகாது. ஆகவே இவ்வழியில் நிலைத்தோரின் நம்பிக்கை பெரும்பாலும் உறுதிப்பாடு என்ற நிலையிலிருந்து நம்பிப் பின்பற்றுதல் என்ற நிலைக்கு மாறுகிறது.

மறைப்பு சார்ந்த இடர்ப்பாடுகள்

மூன்றாம் வகை, நிகழ்ந்தவை சொல்லப்படாமை. உறுப்பினரை ஆழமாகப் புண்படுத்துவது பலவேளை நிகழ்வன்று. அது தமக்குச் சொல்லப்படவில்லை என்பதே. ஸ்மித் தொப்பிக்குள் வைத்த கல்லை நோக்கி மோர்மன் நூலைச் சொல்லி எழுதுவித்தார் என்பதற்குத் தொடக்ககாலச் சாட்சிகள் உண்டு. சபையின் ஓவியங்களோ அவர் தகடுகளை நேரே படிப்பதாகவே காட்டின. அக்கல்லின் நிழற்படத்தைச் சபை 2015-இல்தான் வெளியிட்டது.

இவ்விடர்ப்பாட்டை எதிர்கொண்ட முறைக்கு ஜுவனிட்டா புரூக்ஸ் சிறந்த எடுத்துக்காட்டு. நெவாடா எல்லைப்புறச் சிற்றூரில் வளர்ந்த அவர் இளம் ஆசிரியையாக இருந்தபோது, நெஃபி ஜான்சன் என்ற முதியவர் தாம் கண்டதைச் சாகுமுன் எழுதிவைக்க வேண்டும் என அவரிடம் வேண்டினார். புரூக்ஸ் காலம் தாழ்த்தினார். மரணப்படுக்கையில் அவரைக் காணச் சென்றபோது, முதியவர் இரத்தம் என அரற்றக் கேட்டார். ஜான்சன் மவுண்டன் மெடோசில் இருந்தவர் எனப் பின்னரே அறிந்தார். அப்படுகொலை குறித்த அவருடைய ஆய்வுநூல் 1950-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழி வெளிவந்தது. கொலைக்கு யங் ஆணையிடவில்லை எனவும், உண்மையை மறைத்ததில் அவருக்குப் பங்குண்டு எனவும் அது கூறியது. 1961-இல் லீயின் உறுப்புரிமையைச் சபை மீட்டளித்தபோது, அதனை அச்சிடலாகாது என்ற அழுத்தத்தையும் மீறி அச்செய்தியைப் புரூக்ஸ் வெளியிட்டார். அவர் 1989-இல் மறையும்வரை சபை உறுப்பினராகவே இருந்தார். நம்பிக்கை உண்மையை அஞ்சக் காரணமில்லை என்பதே அவர் வாழ்க்கை உணர்த்தும் நிலைப்பாடு.

எல்லோருக்கும் இம்முடிவு வாய்க்கவில்லை. ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை 1945-இல் எழுதிய ஃபான் புரோடி மறுஆண்டே சபைநீக்கம் செய்யப்பட்டார். 1993 செப்டம்பரில் அறிவாளர் அறுவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. பின்னர்ச் சபையின் போக்கு மாறியது. மவுண்டன் மெடோஸ் நிகழ்வின் 150-ஆம் ஆண்டான 2007-இல் சபை ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. 2008 முதல் ஸ்மித்தின் ஆவணங்கள் தொகுதிகளாக வெளிவந்தன. 2013 முதல் 2015 வரை சிக்கலான பொருள்கள் குறித்துக் கட்டுரைகள் வெளியிடப்பட்டன.

வரலாற்றாய்வு நம்பிக்கைக்குத் துணையானதும் உண்டு. கறுப்பினத் தடை ஸ்மித்திடம் தொடங்கியதற்குச் சான்றில்லை என்பதைச் சபை உறுப்பினரான லெஸ்டர் புஷ் 1973-இல் ஆய்வுக்கட்டுரை ஒன்றில் காட்டினார். தடை இறைவனின் மாறாத ஆணை என்ற எண்ணத்தை அவ்வாய்வு தளர்த்தியது. ஐந்தாண்டுகளில் தடை நீங்கியது. 1979-இல், மறைந்து எழுபத்தோர் ஆண்டுகளுக்குப் பின், ஜேன் மேனிங் ஜேம்சுக்கு அவர் வேண்டிய சடங்கு பதிலியர் வழியே நிறைவேற்றப்பட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. தலைவர்களின் தீச்செயல்களை எதிர்கொள்ள, இறைவனையும் நிறுவனத்தையும் வேறுபடுத்தும் பழைய விடை உதவுகிறது. தோற்றக் கூற்றுகள் சான்றொடு முரணும்போது அவ்விடை போதாது. நம்பிக்கையின் பொருளையே மறுஆய்வு செய்ய வேண்டியுள்ளது. மறைப்பால் விளைந்த புண்ணுக்குக் கோட்பாட்டு விடை எதுவும் இல்லை. உண்மையைச் சொல்வதே மருந்து. மனிதர் தவறக்கூடியவர் என்ற விடையை மூன்றுக்கும் பொதுவாக வழங்குவோர், கேட்கப்பட்ட கேள்விக்கு விடையளிக்கத் தவறுகின்றனர்.

நம்பிக்கையைக் காத்தலுக்கு ஓர் எல்லையும் உண்டு. மவுண்டன் மெடோசில் மாண்டோர், பிறருடைய நம்பிக்கை முதிர்வதற்கான பாடங்கள் அல்லர். அவர்களின் துயரத்தைச் சுருக்கிக் காக்கப்படும் நம்பிக்கை, அது போற்றும் கிறிஸ்துவின் போதனைக்கே மாறானது. ஜேம்ஸ் விண்ணப்பித்தலை நிறுத்தவில்லை; புரூக்ஸ் எழுதுதலை நிறுத்தவில்லை. நிறுவனத்தின் தவற்றைத் தவறென்று சொல்லிக்கொண்டே இறைவனை நோக்கி நின்றமையே இருவரின் நம்பிக்கைக்கும் பொதுவான இயல்பாக அமைகிறது.