ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் மனம்

இரண்டு வயதுக் குழந்தைகள் மணலில் அருகருகே உட்கார்ந்தாலும் பெரும்பாலும் தனித்தனியாகவே விளையாடும். மூன்று, நான்கு வயதில் வாளியைக் கொடுத்து வாங்கப் பழகி, பிறகு சேர்ந்து வீடு கட்டும். இந்தப் படிநிலைகளை அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் விவரித்தார். அதே ஆண்டு வெளியான நூலில் உளவியலாளர் ழான் பியாஜே, கோலி ஆடும் சுவிஸ் சிறுவர்களைப் பற்றி எழுதினார். விதி என்பது பெரியவர்களின் கட்டளையல்ல, தாங்களே பேசி மாற்றக்கூடிய ஒப்பந்தம் என்பது அவர்களுக்கு மெல்லப் புரிந்தது.

தெரு ஆட்டத்தில் நடுவர் கிடையாது. 'அவுட்டா, இல்லையா' என்ற சண்டை முற்றினால் ஆட்டமே நின்றுவிடும், அதனால் விட்டுக்கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதைவிட அருமையான வழக்கம் ஒன்றும் உண்டு. வேகமாக ஓட முடியாத சின்னப் பிள்ளையை 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொள்வார்கள். பிடிபட்டாலும் அந்தப் பிள்ளை அவுட் ஆகாது. பெரியவர் யாரும் சொல்லாமலே பிள்ளைகள் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. எளியவருக்காக விதியைத் தளர்த்தலாம் என்பதை வகுப்பறை இத்தனை இயல்பாகக் கற்றுத்தருவதில்லை.

வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் கூடினால்தான் இது நடக்கும். மாலையில் அவர்களை வெளியே விடுங்கள். சண்டை வந்ததுமே தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள்.