தொட்டி நீர் கலங்காமல் காப்போம்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடி வரை ஒரே வீதிதான் செல்கிறது. அந்த வீதியின் இரு முனைகளிலும் வாழும் பெண்களுக்கு ஒரே கேள்விதான். பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, வீட்டில் இருந்தபடியே நாலு காசு தேடுவது எப்படி? அலங்கார மீன் வளர்ப்பு அதற்கு ஒரு வழி. இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் நன்னீர் அலங்கார மீன்களில் கப்பி முக்கியமானது. ஏறத்தாழ மாதம் ஒரு முறை குஞ்சு ஈனும். சிறிய தொட்டியே போதும்.

பசறையில் நான் வைத்த முதல் தொட்டி கெட்டதற்கு என்னுடைய அளவுக்கு மீறிய சுத்தமே காரணம். ஒரு நாள் நீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கற்களையும் வடிகட்டி ஸ்பொஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்பினேன். மூன்றாம் நாள் நீர் கஞ்சித் தண்ணீர் போல வெளுத்தது. விற்பதற்கு வைத்திருந்த மீன்களில் பாதி செத்து மிதந்தன. பிள்ளைகளின் கொப்பி வாங்கும் காசு அதிலேதான் இருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா என்ற நச்சு உண்டாகிறது. அதை மாற்றிவிடும் நல்ல பற்றீரியாக்கள் கற்களிலும் ஸ்பொஞ்சிலும் ஒட்டி வாழ்கின்றன. குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவினால் அவை அழிந்துவிடும். அமோனியா சேரும். அழுகும் உணவைத் தின்னும் வேறு பற்றீரியாக்கள் திடீரெனப் பெருகும். அதுதான் அந்த வெண்மை.

சகோதரிகளே, இவற்றைக் கவனியுங்கள்:

1. கிழமைக்கு ஒரு முறை தொட்டி நீரில் கால் பங்கை மட்டும் மாற்றுங்கள். இறப்பர் குழாயால் அடியில் உள்ள அழுக்கோடு உறிஞ்சி வாளியில் எடுங்கள்.

2. ஸ்பொஞ்சை அந்த வாளி நீரிலேயே மெதுவாகப் பிழியுங்கள். சவர்க்காரம் கூடாது.

3. குளோரின் கலந்த குழாய் நீரானால், வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் திறந்து வையுங்கள். மலைநாட்டுக் குளிரில் அந்தப் பாத்திரம் தொட்டியின் அருகிலேயே இருக்கட்டும். இரண்டு நீரின் சூடும் ஒத்துவரும்.

4. வடகீழ் பருவமழையில் பீலி நீர் செம்மண்ணோடு வரும். இரவு முழுவதும் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள்.

5. தொட்டிக்குள் ஒரு தட்டை வைத்து அதன்மேல் நீரை மெல்ல ஊற்றுங்கள். அடி மண் கிளம்பாது. புதிய கற்களைக் கழுவிய நீர் தெளியும் வரை அலசிய பின்னரே போடுங்கள்.

6. இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு உணவே போடுங்கள்.

நீர் பச்சையானால் வெயில் அதிகம் என்று பொருள். தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள். வெளுத்துவிட்டால் பதறி எல்லா நீரையும் கொட்டாதீர்கள். ஒன்றிரண்டு நாள் உணவை நிறுத்தி, தினமும் கால் பங்கு நீரை மாற்றுங்கள். காற்றுப் பம்பி இருந்தால் ஓடவிடுங்கள். சில நாட்களில் தானாகவே தெளியும்.

மீன்களை ஓடையிலோ குளத்திலோ விடவேண்டாம். அங்கே வாழும் நமது மீன்களுக்கு அது கேடு.

தெளிந்த நீரைப் பார்த்துத்தான் வாங்குபவர் மீனை வாங்குகிறார். கிழமைக்கு அரை மணி நேரப் பொறுமை உங்கள் மாத வருமானத்தைக் காப்பாற்றும்.